தறப்பாளுக்குள் வெக்கை: வலப்பனை மலைச்சரிவில் கூடாரத்தை எப்படித் தணிப்பது?

மலையகம் என்றால் குளிர் என்றுதான் வெளியில் இருக்கும் நாங்கள் நினைக்கிறோம். மண்சரிவுக்குப் பிறகு உதவி கொண்டுபோகும் வாகனங்களில் போர்வையும் கம்பளிச் சட்டையும் ஏற்றுகிறோம். இரவுக்கு அவை தேவைதான். ஆனால், காலை 10 மணிக்குப் பிறகு ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள்ளோ தகரக் கொட்டிலுக்குள்ளோ அரை மணித்தியாலம் இருந்து பார்த்தால், அதே மலையில் வெக்கையும் இருக்கிறது என்பது விளங்கும். அந்த வெக்கை எங்கிருந்து வருகிறது, கையில் கிடைப்பதை வைத்து அதை எப்படிக் குறைப்பது, எதை உரிமையோடு கேட்பது என்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வலப்பனைப் பக்கம் ஒரே காலநிலை கொண்ட இடமல்ல. மேலே இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் பனியும் குளிரும். அங்கிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்க இறங்கச் சூடு ஏறும். 1,000 மீற்றர் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் கூடும் என்பது பொதுவான கணக்கு. மேட்டுத் தோட்டத்தில் லயம் இடிந்து, கீழே பாடசாலை மைதானத்திலோ வீதியோரத்திலோ கூடாரம் போடவேண்டி வந்த குடும்பத்துக்கு, உடம்பு பழகாத சூடு அது. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது நுவரெலியா மாவட்டம் மறுபடி சரிந்தது. ஒவ்வொரு முறையும் மழை ஓய்ந்த பிறகு வெயில் வருகிறது. அப்போது செய்தியாளர்கள் போய்விட்டிருப்பார்கள், கூடாரம் மட்டும் அங்கேயே நிற்கும்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009இல் நானும் வன்னியில் தறப்பாளின் கீழ் இருந்தவள். அந்த ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மட்டும் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. அங்கிருந்தவர்களில் மலையகத்தை வேராகக் கொண்ட குடும்பங்களும் இருந்தன. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் அவர்கள். கூடார வெக்கையைப் பற்றி வன்னி கற்றது வலப்பனைக்கும் பயன்பட வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கூடாரத்துக்குள் சூடு 3 வழிகளில் சேர்கிறது. முதலாவது, கூரை. வெயில் தறப்பாளையும் தகரத்தையும் சுட வைக்கிறது. சுட்ட தகரம், அடுப்பின் மேல் வைத்த தோசைக்கல்லைப் போல, கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். காற்று அவ்வளவு சூடாக இல்லாத நேரத்திலும் தலை கொதிப்பது இதனால்தான். இரண்டாவது, தேங்கிய காற்று. சூடான காற்று மேலே ஏறும். வெளியேற வழி இல்லாவிட்டால் முகட்டில் தேங்கி, மெல்ல மெல்லக் கீழே நிரம்பும். மூன்றாவது, ஈரப்பதன். எங்கள் உடம்பு வியர்வையை உலரவிட்டுத்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, வழியும். மழை விட்ட மறுநாள் வெயில் அதிகம் இல்லாமலே மூச்சு முட்டுவதுபோல் இருப்பது இதனால்தான்.

மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மண்சுவர் பகல் சூட்டை உள்வாங்கி மெதுவாக விடும். தறப்பாளுக்கு அந்தக் குணம் இல்லை. பகலில் வெயிலை அப்படியே உள்ளே தரும், இரவில் குளிரை அப்படியே தரும். ஆகவே மலையகக் கூடாரத்தைப் பகலில் திறக்கவும் இரவில் மூடவும் கூடியதாக அமைக்க வேண்டும்.

கூரைக்கு மேல் ஒரு கூரை

ஒரேயொரு வேலைதான் செய்ய முடியும் என்றால், கூரைக்கு மேலே நிழல் போடுங்கள். தறப்பாளுக்குக் கீழே சேலையோ படங்கோ கட்டுவதைவிட மேலே ஒரு நிழலை உயர்த்துவது பலமடங்கு பயன் தரும். கீழே கட்டினால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. மேலே கட்டினால் வெயிலை அந்த நிழல் வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தேயிலை நாற்றுமேடைக்குப் பந்தல் போடுவதும், தேயிலைக்கு மேலே முள்முருக்கு வளர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வெளிநாடுகளில் எம்மவர்கள் கோடை விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் மடிப்புக் கூடார வண்டிகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. துணிக்கூரைக்கு மேலே வெள்ளி நிறத் தாளையோ இன்னொரு துணியையோ இடைவெளிவிட்டுக் கட்டுகிறார்கள். மலையகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடப்படும் விலையுயர்ந்த கூடாரங்களைப் பாருங்கள், பெரும்பாலும் இரட்டைக் கூரை இருக்கும். அகதியின் கூடாரத்துக்குத்தான் ஒற்றைக் கூரை.

செய்யும் முறை:

- நாற்றுமேடைக்குப் பயன்படுத்தும் பச்சை நிழல் வலை, பழைய தறப்பாள், தைத்துச் சேர்த்த உரப்பைகள், கிடுகு, மானாப்புல் எதுவும் சரி. புல்லும் கிடுகும் சூட்டைக் குறைப்பதில் மிகச் சிறந்தவை, ஆனால் இலகுவில் தீப்பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் அவை வேண்டாம்.
- கூரைக்கும் நிழலுக்கும் இடையில் குறைந்தது 1 அடி இடைவெளி இருக்கட்டும். ஒட்டிப் போர்த்தினால் பாதிப் பயன் போய்விடும்.
- நிழலைக் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டுங்கள், மேற்குப் பக்கம் கூடுதலாக. பிற்பகல் வெயில் சாய்வாக வந்து சுவரைச் சுடும்.
- நிழலின் கம்புகளைக் கூடாரக் கம்புகளோடு கட்டாமல் தனியாக நடுங்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று ஓங்கி வீசும்போது நிழல் பிய்ந்தாலும் கூடாரம் நிற்கும்.
- மழைநீர் தேங்கும் பள்ளம் மேலே உருவாகாதபடி சாய்வு வையுங்கள். தேங்கினால் பாரம் ஏறும், நுளம்பும் பெருகும்.

இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நண்பகல் வெயில் எப்போதும் கூரையில்தான் விழும். ஏப்ரல் முற்பகுதியிலும், ஆகஸ்ட் கடைசி - செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலைப் பங்குனி மாதத்திலேயே கட்டிவிடுவது நல்லது.

தறப்பாளைத் தெரிவு செய்ய முடியுமானால் வெள்ளையை எடுங்கள். நீலமும் கறுப்பும் கூடுதலாகச் சூடேறும். நிவாரண அமைப்புகள் தரும் 4க்கு 6 மீற்றர் தறப்பாளில் இரு பக்கமும் வெளிர்ப் பூச்சும் நடுவில் கறுப்பு இழையும் இருக்கும். பூச்சு வெயிலைத் திருப்பும், இழை வெளிச்சம் ஊடுருவுவதைத் தடுக்கும். தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலும் வித்தியாசம் தெரியும். கடைகளில் விற்கும் வெள்ளித் தாளைத் தகரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டலாம். தகரத்தோடு ஒட்டாமல் ஓரிரு அங்குலம் தள்ளியிருந்தால்தான் அது வேலை செய்யும். ரெஜிபோம் தகடு சூட்டைத் தடுக்கும். ஆனால், தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும். விளக்கும் அடுப்பும் எரியும் கொட்டிலுக்குள் அது கூடாது.

காற்றுக்கு 2 வாசல்

ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும். கீழே ஒரு வழி, மேலே எதிர்ப்பக்கத்தில் ஒரு வழி வேண்டும். மலைச்சரிவில் காற்றுக்கு ஒரு நேரசூசி உண்டு. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும், இருட்டியதும் மலையிலிருந்து கீழ்நோக்கி வழியும். ஆகவே பகலில் பள்ளத்தாக்குப் பக்கம் தறப்பாளின் அடிப்பகுதியை 1 அடி உயர்த்திச் சுருட்டுங்கள், மலைப்பக்கம் முகட்டருகே திறந்துவிடுங்கள். மாலையானதும் மலைப்பக்கத்தை மூடினால் குளிர்காற்று நேரே படாது.

முகட்டில் ஒரு சிறு திறப்பை இரவிலும் மூடவேண்டாம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி மூடினால், உள்ளே இருப்பவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள ஈரம் குளிர்ந்த தறப்பாளில் படிந்து சொட்டும். விடியும்போது பாயும் போர்வையும் நனைந்திருக்கும். பகல் வந்ததும் அந்த ஈரமே வெக்கையாக மாறும். பாய், துணிகளைக் காலையில் வெளியே உலர்த்துவதும், பலகை அடுக்கித் தரையிலிருந்து படுக்கையை உயர்த்துவதும் அடுத்த பகலைத் தணிக்கும்.

இங்கேதான் பெரிய தடை வருகிறது. கூடாரத்தைத் திறங்கள் என்று சொல்வது சுலபம். வன்னியில் நான் பார்த்த பெண்கள் நடுப்பகலிலும் தறப்பாளை இறுக்கி மூடியே வைத்திருந்தார்கள். வெளியே யார் நடக்கிறார்கள் என்பது அவர்களுக்குச் சூட்டைவிடப் பெரிய பயம். உடைமாற்ற, பால் கொடுக்க, மாதவிடாய் நாட்களில் படுத்திருக்க ஒரு மறைப்பு இல்லாத இடத்தில் காற்றோட்டம் பற்றிய எந்த ஆலோசனையும் எடுபடாது. இதற்கு ஒரு வழி உண்டு. திறப்புக்கு வெளியே 2 அல்லது 3 அடி தள்ளி ஒரு மறைப்புத் திரை கட்டுங்கள். திறப்பைவிட அகலமாக, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தொடங்கட்டும். பார்வை தடைபடும், காற்று பக்கவாட்டில் சுற்றி வரும். மேல் திறப்பு தலைக்கு மேலே இருப்பதால் அதற்கு மறைப்புத் தேவையில்லை, நுளம்பு வலைத் துண்டு ஒன்று போதும். நைலோன் துணியைவிடப் பருத்திச் சேலை காற்றைக் கூடுதலாக விடும்.

சேலைத் தொட்டிலைப் பற்றியும் ஒரு சொல். முகட்டுக் கம்பில் உயரமாகக் கட்டினால், கூடாரத்தின் மிகச் சூடான காற்றில் குழந்தை கிடக்கும். தாழ்த்திக் கட்டுங்கள், பகலில் முடிந்தவரை மர நிழலில் கட்டுங்கள். தொட்டிலைத் துணியால் மூடவேண்டாம்.

தண்ணீர் எப்போது உதவும்?

ஈரத்துணி தொங்கவிட்டால் குளிரும் என்பது பாதி உண்மை. கச்சான் காற்று மழையை மேற்கு மலைகளில் இறக்கிவிட்டுத்தான் வலப்பனைப் பக்கம் வருகிறது. அந்த உலர்ந்த காற்றில், காற்று வரும் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இடிமழைக்கு முந்திய புழுக்கத்தில், ஈரத்துணி உள்ளே இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். வியர்வை உலராத நாளில் ஈரச்சாக்கும் உலராது. சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி: நிழலில் காயப்போட்ட துணி சீக்கிரம் உலர்கிறதா? உலர்ந்தால் சாக்கை நனையுங்கள். உலராவிட்டால் சாக்கைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கு வழி விடுங்கள்.

புழுக்க நாளில் தண்ணீரை உடம்பில் பயன்படுத்துவதே சிறந்தது. முகம், கழுத்து, கைகளை நனைத்துவிட்டு விசிறினால் உடம்பு நேரடியாகக் குளிரும். மின்சாரம் இருந்தால் மின்விசிறியைப் பகலில் ஆட்களை நோக்கியும், மாலையில் மேல் திறப்பை நோக்கிச் சூடான காற்றை வெளியே தள்ளும்படியும் வையுங்கள். தகரத்துக்குள் காற்று 40 பாகையைத் தாண்டிய நேரத்தில் விசிறி உலைக்காற்றைத்தான் வீசும். அப்போது வெளியே நிழலுக்குப் போவது ஒன்றே வழி. பகல் 11 முதல் 3 வரை முதியவர்களும் குழந்தைகளும் இருக்க ஒரு பொது நிழல் பந்தல் ஒவ்வொரு முகாமுக்கும் தேவை.

உள்ளே சூட்டை உண்டாக்காமல் இருத்தல்

அடுப்பை வெளியே கொண்டுபோங்கள். விறகும் நீராவியும் புகையும் ஒரு சிறு கொட்டிலை மணிக்கணக்கில் சூடாக்கும், தீ அபாயம் வேறு. சும்மா இருக்கும் ஓர் ஆளின் உடம்பே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 8 பேர் நெருங்கிப் படுத்தால் அது ஒரு சிறு மின்னடுப்புக்குச் சமம். நெரிசலே ஒரு வெப்ப மூலம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

காற்றுக்காக இடத்தை மாற்றும்போது ஒன்றை மறக்கவேண்டாம். சரிவை வெட்டி மேடை அமைப்பதும், கம்புக்காகச் சரிவில் நிற்கும் மரத்தை வெட்டுவதும் அடுத்த மண்சரிவுக்கு வழி செய்யும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று தெரிந்தால் கூடாரத்தைவிட்டு முதலில் விலகுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

உடம்பு சொல்லும் எச்சரிக்கை

தலைச்சுற்று, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுபோய் உடையைத் தளர்த்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். ஜீவனி கிடைக்காவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்.

பேச்சுக் குழறல், தடுமாற்றம், வலிப்பு, மயக்கம், தொட்டால் சுடும் உடம்பு என்றால் அது வெப்ப அதிர்ச்சி, உயிராபத்து. உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடைச்சந்தில் குளிர்ந்த துணி வையுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றவேண்டாம். வெயிலில் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் மீது கூடுதல் கவனம் வேண்டும்.

எதைக் கேட்கலாம்?

இதுவரை சொன்னவை நாங்களே செய்யக்கூடியவை. மிச்சத்தைக் கேட்டுப் பெறவேண்டும். மனிதாபிமான அமைப்புகள் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட 'ஸ்பியர்' நியமங்கள் உண்டு. அவற்றின்படி தற்காலிகத் தங்குமிடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும், சமையல் இடம் அதில் சேராது. சூடான இடங்களில் கூரையின் உயர்ந்த பகுதி குறைந்தது 2.6 மீற்றர் இருக்கவேண்டும். தீ பரவாமல் இருக்கக் கட்டமைப்புகளுக்கிடையே குறைந்தது 2 மீற்றர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி காற்றுக்கும் வழி. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திடமோ தோட்ட நிர்வாகத்திடமோ பேசும்போது "சூடாக இருக்கிறது" என்பதோடு இந்த எண்களையும் சொல்லுங்கள். கூடாரத்தை அளந்து, ஆட்களைக் கணக்கிட்டு, எழுத்தில் கொடுங்கள். அதோடு நிழல் வலை, மறைப்புத் திரை, பொதுப் பந்தல் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை உதவி கொண்டுபோகும் வடக்கு, கிழக்கு, புலம்பெயர் அமைப்புகளுக்கும் இதையே சொல்வேன்: போர்வையோடு நிழல் வலையையும் ஏற்றுங்கள்.

"தற்காலிகம்" என்ற சொல்லை நம்பிப் பொறுத்திருக்கவேண்டாம் என்பதற்கு எங்களிடம் போதிய சாட்சி உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் வீடிழந்தவர்கள் புதிய வீட்டுக்காக ஏறத்தாழ 2 வருடங்கள் காத்திருந்தார்கள். வன்னியில் சிலருடைய தகரக் கொட்டில் அதைவிட நீண்டது.

கடைசியாக ஒரு கணக்கு. 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த நியமப்படி 17.5 சதுர மீற்றர் வேண்டும். மலையகத்தின் பழைய லயன் காம்பரா 10க்கு 12 அடி, அதாவது சுமார் 11 சதுர மீற்றர். இஸ்தோப்பைச் சேர்க்காமல் பார்த்தால் ஆளுக்கு 2.2 சதுர மீற்றர், மேலே அதே தகரம். அனர்த்த முகாமுக்கு வகுத்த ஆகக்குறைந்த அளவுகூட, தலைமுறைகளாக வீடு என்று சொல்லப்பட்ட இடத்தில் இல்லை. மண்சரிவுக்குப் பிறகு கட்டப்படும் வீட்டை அளக்கும்போது ஒப்பிடவேண்டியது இடிந்த லயத்தோடல்ல. ஒரு மனிதருக்கு எவ்வளவு இடமும் நிழலும் காற்றும் வேண்டும் என்ற கணக்கோடுதான்.